ஆங்கிலத்தில் நேரம் சொல்லப் பழக்கும் வகுப்பறை விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதியது இது. டியூஷன் எடுப்பவர்களுக்கும் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும் பயன்படும். மணி, கிழமை, மாதம், நேற்று, நாளை, இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நேரச் சொற்கள் என்கிறேன்.

விளையாட்டு எதற்கு? சார்ட் மாட்டி நாலு தடவை சொல்ல வைத்தால் வராதா?

வரும், சார்ட்டைப் பார்த்துச் சொல்ல வரும். அதே பிள்ளையை வராந்தாவில் நிறுத்தி மணி என்ன என்று ஆங்கிலத்தில் கேளுங்கள், உங்கள் முகத்தைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும், அப்புறம் ‘டென்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடும். சொல் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை அதற்கு வந்ததே இல்லை. அந்த அவசியத்தை வகுப்பறைக்குள் உண்டாக்கத்தான் விளையாட்டு.

அதனால் எந்த விளையாட்டை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த ஆங்கிலத் தொடரைச் சொல்லாமலோ புரிந்துகொள்ளாமலோ ஒரு பிள்ளை ஜெயித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது நல்ல பி.டி. பீரியட், அவ்வளவுதான். கீழே சொல்லியிருக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மாற்றி அமைத்திருக்கிறேன்.

எதில் தொடங்குவது? மணியா, கிழமையா?

கிழமை. தினமும் மாறுகிறது, தினமும் கேட்கலாம், கடிகாரம் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கிழமை ஓரளவு வாயில் வந்ததும் ‘யெஸ்டர்டே’, ‘டுமாரோ’. அப்புறம் முழு மணி, அதாவது ‘ஃபைவ் ஓ கிளாக்’. அப்புறம் ‘ஃபைவ் தர்ட்டி’. இதற்கு மேல் ‘ஹாஃப் பாஸ்ட்’, ‘குவார்ட்டர் பாஸ்ட்’, கடைசியாக ‘குவார்ட்டர் டு’. பத்தேமுக்காலை ‘டென் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று சொன்னாலும் அது முழுக்கச் சரியான ஆங்கிலம்தான். அதைத் தப்பு என்று திருத்தி, ‘குவார்ட்டர் டு லெவன்’தான் வேண்டும் என்று முதல் மாதமே பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

எங்கள் பிள்ளைகள் ‘டென் ஹாஃப்’, ‘டென் த்ரீ குவார்ட்டர்’ என்கிறார்கள். எங்கிருந்து வருகிறது இது?

வீட்டிலிருந்து. நாம் பத்தே கால், பத்தரை, பத்தேமுக்கால் என்கிறோம். பதினொன்று அடிக்கிற வரைக்கும் தமிழில் அது பத்துதான், கால் கால் ஏறிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் அரை வரைக்கும் பத்தைப் பார்த்து ‘பாஸ்ட்’, அரையைத் தாண்டினால் பதினொன்றைப் பார்த்து ‘டு’. திசையே மாறிவிடுகிறது. பிள்ளை மந்தம் இல்லை, ரொம்ப ஒழுங்காகத் தமிழை ஆங்கிலத்தில் எடுத்து வைக்கிறது.

இதை விளக்கிப் புரியவைப்பது கஷ்டம், நடந்து காட்டினால் சுலபம். மனிதக் கடிகாரம் அதற்குத்தான்.

மனிதக் கடிகாரத்தை எப்படி நடத்துவது?

மைதானத்திலோ வராந்தாவிலோ பெரிய வட்டம் போடுங்கள், சாக்பீஸ் போதும், மண் தரை என்றால் கோலமாவு. பன்னிரண்டு பேர் எண் அட்டையோடு வட்டத்தில் உட்கார வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை நடுவில் ஒரு கோடு இழுத்து, வலது பாதிக்குள் ‘பாஸ்ட்’ என்றும் இடது பாதிக்குள் ‘டு’ என்றும் பெரிதாக எழுதிவிடுங்கள். இந்தக் கோடுதான் முக்கியம், பல பேர் இதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

குட்டையான ஒரு பிள்ளை சின்ன முள், உயரமான பிள்ளை பெரிய முள். இரண்டு பேரும் நடுவில் நிற்க, மற்ற பிள்ளைகளில் ஒருவர் ‘ஹாஃப் பாஸ்ட் டென்’ என்று சொல்ல வேண்டும். பெரிய முள் ஆறைப் பார்த்துக் கை நீட்டும். சின்ன முள்ளாக நிற்கும் பிள்ளை பத்தைப் பார்த்துக் கை நீட்டும், அங்கேதான் சண்டை வரும். வட்டத்தில் பதினொன்றாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழுந்து, “அரை மணி ஆயிடுச்சே, நீ பாதி தூரம் என் பக்கம் வந்திருக்கணும்” என்று கத்தும். வரட்டும், விடுங்கள். அந்தச் சண்டையில் கணக்குப் பாடமும் நடக்கிறது.

அடுத்த கட்டத்தில் நீங்கள் முட்களை நிறுத்திவைத்துவிட்டுக் கேளுங்கள், வட்டத்தில் இருப்பவர்கள் சொல்லட்டும். பெரிய முள்ளின் கை எந்தப் பாதிக்குள் நீண்டிருக்கிறதோ அங்கே எழுதியிருக்கும் சொல்லைப் பார்த்துப் படித்தாலே போதும். சின்ன முள்ளுக்கு ஒரே விதி: ‘பாஸ்ட்’ என்றால் விட்டுவந்த எண், ‘டு’ என்றால் போகிற எண். இதை ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லாதீர்கள், சின்ன முள்ளாக நிற்கும் பிள்ளையைத் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பாஸ்ட்’ என்றால் பின்னால் திரும்பி, ‘டு’ என்றால் முன்னால்.

ஓநாய் விளையாட்டு நல்லது என்கிறார்களே?

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகள் காலம் காலமாக விளையாடுவது. ஒருவர் ஓநாய், சுவரைப் பார்த்து நிற்பார். மற்றவர்கள் தூரத்தில் வரிசையாக நின்று ‘வாட்ஸ் த டைம், மிஸ்டர் வுல்ஃப்?’ என்று கேட்க, ஓநாய் ‘த்ரீ ஓ கிளாக்’ என்றால் எல்லோரும் மூன்று அடி முன்னால் வர வேண்டும். பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று தோன்றும்போது ஓநாய் ‘டின்னர் டைம்!’ என்று கத்தித் துரத்தும். நம் ஊரில் நரி என்று மாற்றிக்கொண்டாலும் பிள்ளைகளுக்கு ஒரே குஷிதான்.

ஆனால் நான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ‘த்ரீ’ என்ற ஒரு எண் காதில் விழுந்தாலே போதும், மற்றதெல்லாம் காதில் ஏறாது. அதனால் அடிகளை மாற்றுங்கள். ‘ஹாஃப் பாஸ்ட் த்ரீ’ என்றால் மூன்று அடி, கூடவே ஒரு அரை அடி. ‘குவார்ட்டர் பாஸ்ட் த்ரீ’ என்றால் மூன்று அடி, அப்புறம் வலது பக்கம் கால் வட்டம் திரும்ப வேண்டும். ‘குவார்ட்டர் டு ஃபோர்’ என்றால் நாலு அடி முன்னால் போய் ஒரு அடி பின்னால். இந்தப் பின்னடி ரொம்பப் பிரமாதமாக வேலை செய்கிறது, ‘டு’ என்று கேட்டதும் உடம்பே பின்னால் சாயும். தப்பாக அடி வைத்தவர் ஆரம்பக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும், வெளியே போக வேண்டாம்.

பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல தொடக்கம், ஏனென்றால் கேட்டு நடந்தால் போதும். கேட்டுச் செய்வது முதலில், பேசுவது பிறகு என்பதை வைத்து அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் ஒரு கற்பித்தல் முறையையே உருவாக்கினார். நம் வகுப்புக்கு அந்த யோசனை அப்படியே பொருந்தும்.

‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்ய?

முதலில் ஒரு நல்ல செய்தி, பாதி விதி பிள்ளைக்கு ஏற்கெனவே தமிழில் தெரியும். ‘ஐந்து மணிக்கு’ என்று -க்கு வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘அட்’. ‘காலையில்’, ‘ஜூனில்’ என்று -இல் வருகிற இடத்தில் ‘இன்’. ‘நேற்று’, ‘நாளை’, ‘அடுத்த வாரம்’ இவற்றில் நாமும் ஒன்றும் சேர்ப்பதில்லை, ஆங்கிலத்திலும் ஒன்றும் கிடையாது. கிழமைதான் வில்லங்கம். ‘திங்கட்கிழமை வந்தேன்’ என்று தமிழில் மொட்டையாகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் அங்கே ‘ஆன்’ வேண்டும். அதனால்தான் ‘ஐ கேம் மண்டே’ என்று எழுதுகிறார்கள். ‘இரவில்’ என்பதற்கு ‘அட் நைட்’ என்று வருவதும் இந்தக் கணக்கில் அடங்காது, அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். வகுப்பில் இதையெல்லாம் இலக்கணமாகச் சொல்லச் சொல்லவில்லை, எந்தச் சீட்டை அதிகம் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிவதற்காகச் சொல்கிறேன்.

விளையாட்டு என்று பார்த்தால் கல்லா மண்ணாவைக் கொஞ்சம் மாற்றினால் போதும், அந்த விளையாட்டைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. தரையில் மூன்று கட்டம்: ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’. நடுவில் ஒரு சின்ன வட்டம், அதற்குப் பெயர் ‘ஒன்றும் வேண்டாம்’. பிடிப்பவர் ஒரு சீட்டை எடுத்துப் படிப்பார், ‘மண்டே!’ என்று. எல்லோரும் ‘ஆன்’ கட்டத்துக்குள் ஓட வேண்டும், ஓடும்போதே ‘ஆன் மண்டே’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். தவறான கட்டத்தில் நிற்பவரையோ வாய் திறக்காதவரையோ தொட்டுவிட்டால் அவர்தான் அடுத்துப் பிடிப்பவர்.

சீட்டுகளை எழுதும்போதுதான் உங்கள் திறமை இருக்கிறது. ‘ஆகஸ்ட்’ என்று ஒரு சீட்டு, ‘ஆகஸ்ட் 15’ என்று ஒரு சீட்டு. முதலாவது ‘இன்’, தேதி சேர்ந்ததும் ‘ஆன்’. அதே மாதிரி ‘நவம்பர்’, ‘நவம்பர் 14’. ‘அக்டோபர்’, ‘அக்டோபர் 2’. பள்ளியில் கொண்டாடுகிற நாட்களாக இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிப்பு இருக்கும். நன்றாகப் பழகிய பிறகு ‘மார்னிங்’ சீட்டுக்கு அடுத்ததாக ‘மண்டே மார்னிங்’ சீட்டை வையுங்கள். முதலாவதற்கு ‘இன் த மார்னிங்’ என்று ஓடிய கூட்டம் இரண்டாவதற்கும் அங்கேயே நிற்கும், ஒன்றிரண்டு பேர் மட்டும் யோசித்து ‘ஆன்’ பக்கம் நகர்வார்கள். ‘டுமாரோ’ சீட்டு வந்தால் நடு வட்டத்தில் தள்ளுமுள்ளு நடக்கும், அதனால் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

வார இறுதிக்கு ‘அட்’ போடுவதா ‘ஆன்’ போடுவதா என்று கேட்பீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் ‘அட்’, அமெரிக்க வழக்கில் ‘ஆன்’. இந்தச் சீட்டையே ஆரம்பத்தில் போடாதீர்கள்.

தினசரி காலண்டரை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

அதைவிட நல்ல கருவி கிடையாது, காசும் இல்லை. கிழித்த தாள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வாரத் தாள்களைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது முதல் வேலை. ஆங்கிலத்தில் பேசித்தான் அடுக்க வேண்டும், ‘ஐ ஹேவ் ட்யூஸ்டே’, ‘ஹூ ஹேஸ் வெட்னஸ்டே?’ என்று.

தாளின் கீழே பாருங்கள், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று மணி அச்சாகியிருக்கும். நேரம் படிக்கப் பழக அருமையான பகுதி இது. ராகு காலம் ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்றரை மணி நேரம், திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30, வெள்ளி 10.30 முதல் 12, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, செவ்வாய் 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6. ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்ற வாய்பாடு பல பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்லித் தெரிந்தே இருக்கும், முதல் எழுத்துகள்தான் கிழமைகள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருவர் ‘ஃப்ரைடே?’ என்று கேட்க, எதிரில் இருப்பவர் வாய்பாட்டை மனதில் ஓட்டி ‘ஃப்ரம் ஹாஃப் பாஸ்ட் டென் டு ட்வெல்வ்’ என்று சொல்ல வேண்டும். கிழமை, அரை மணி, ‘ஃப்ரம் - டு’ மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். ஏழு பதிலும் முழு மணி அல்லது அரை மணி என்பதால் தொடக்க நிலைக்குச் சரியான அளவு.

ஜோசியத்தை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம் என்று நினைத்தாலோ, எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பு என்று தயங்கினாலோ, அந்தத் தயக்கம் நியாயமானது. ஊர் பஸ் வரும் நேரத்தை எழுதிவைத்து அதே விளையாட்டை ஆடுங்கள். இரண்டு பேர் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வேண்டும், ஒருவர் தாளில் சில ஊர்களுக்கு நேரம் இருக்கும், சில ஊர்களுக்குக் காலி. இன்னொருவரிடம் அதற்கு நேர்மாறாக இருக்கும். ‘வாட் டைம் இஸ் த பஸ் டு மதுரை?’ என்று கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். எட்டிப் பார்த்தால் ஆட்டம் போச்சு, அதனால்தான் முதுகோடு முதுகு.

‘பிஃபோர் டூ டேஸ்’, ‘டுடே மார்னிங்’ இவற்றை எப்படி மாற்றுவது?

‘இரண்டு நாளைக்கு முன்னால்’ என்பதை அப்படியே எடுத்து வைத்தால் ‘பிஃபோர் டூ டேஸ்’. ‘இன்று காலை’யை அப்படியே வைத்தால் ‘டுடே மார்னிங்’. ‘நேற்று ராத்திரி’ ‘யெஸ்டர்டே நைட்’ ஆகிறது. பெரியவர்களும் தினமும் பேசுவது, நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். அதனால் கண்டிக்க ஒன்றுமில்லை, ஆனால் ‘டூ டேஸ் அகோ’, ‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’ என்பதைச் சின்ன வயதிலேயே காதில் போட்டுவிட்டால் பின்னால் சிரமம் இல்லை.

வகுப்பில் ஒரு கொடிக்கயிறு கட்டி, ஒன்பது காலண்டர் தாளைத் துணி கிளிப்பில் மாட்டுங்கள், நடுவில் இன்றைய தேதி, இந்தப் பக்கம் நாலு நாள், அந்தப் பக்கம் நாலு நாள். இன்றைய தாளுக்கு நேராகத் தரையில் ஒரு பிள்ளை நிற்கும். ‘த்ரீ டேஸ் அகோ’ என்று ஒருவர் சொல்ல, அது மூன்று தாள் பின்னால் நகர்ந்து, அன்றைக்கு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், ‘த்ரீ டேஸ் அகோ, ரெயின்’ என்றால்கூடப் போதும். வினைச்சொல் தெரியாத கட்டத்தில் வாக்கியம் முழுதாக வர வேண்டியதில்லை. முக்கியம் என்னவென்றால் எண் முதலில், ‘அகோ’ கடைசியில். அதற்கு நான் செய்வது, எண்ணிக்கொண்டே பின்னடி வைத்து நின்ற இடத்தில் ஒரு குதி குதித்து ‘அகோ!’ என்று சொல்ல வைப்பது. குதி கடைசியில்தான் வரும் என்பதால் சொல்லும் கடைசியில் வந்துவிடுகிறது.

தினமும் காலையில் தாளை நகர்த்துகிற வேலையை முறை வைத்து ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அஞ்சு நிமிஷ வேலை, வருஷம் முழுக்க ஓடும்.

பாண்டி ஆட்டத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?

கண்டிப்பாக. ஏழு கட்டம், ஏழு கிழமை. சில்லு புதனில் விழுந்தால், நொண்டியடித்துப் போய்ச் சில்லை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடியே ‘டுடே இஸ் வெட்னஸ்டே, யெஸ்டர்டே வாஸ் ட்யூஸ்டே, டுமாரோ இஸ் தர்ஸ்டே’ என்று சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். திரும்பும்போது கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இதுதான் கஷ்டம், இதுதான் பலன். மனப்பாடமாக ‘சண்டே மண்டே’ பாடும் பிள்ளைக்கு வெள்ளிக்கு முந்தினது எது என்று கேட்டால் திரும்பவும் ஞாயிறிலிருந்து பாட வேண்டியிருக்கும். தலைகீழாகச் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தச் சிக்கல் போய்விடும். மாதத்துக்கும் இப்படியே, கட்டம் பன்னிரண்டு போட இடம் இருந்தால்.

‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதாம்.

ஆமாம், ‘ஃபோர் தர்ட்டீன்’ என்றால் 4.13, ‘ஃபோர் தர்ட்டி’ என்றால் 4.30. பஸ்ஸையே விட்டுவிடலாம். தம்போலா சீட்டு மாதிரி ஒன்பது கட்டம் போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்பது நேரத்தைக் கரும்பலகையிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளட்டும். பலகையில் நீங்கள் எழுதும் நேரங்கள் வேண்டுமென்றே ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும்: 4.13, 4.30, 6.15, 6.50, 2.14, 2.40, இப்படி ஒன்பதுக்கும் மேலாக. ‘டீன்’ என்பதை நீட்டி அழுத்துங்கள், ‘தர்ட்டி’யில் அழுத்தம் முன்னால். குறிக்க மணிக்கற்கள், புளியங்கொட்டை, எதுவும் சரி. இரண்டாவது ஆட்டத்திலிருந்து சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், ஏனென்றால் கேட்பதைவிடச் சொல்லும்போதுதான் நாக்கு பழகும். தெளிவாகச் சொல்லவில்லை என்றால் வகுப்பே ‘அகெய்ன், ப்ளீஸ்’ என்று கேட்கும்.

நாற்பது பிள்ளைகள், சின்ன அறை, பக்கத்து வகுப்பில் சத்தம் போடாதே என்கிறார்கள்.

ஓடும் ஆட்டமெல்லாம் காலையில் வெளியே. உள்ளே உட்கார்ந்து ஆட வரிசை விளையாட்டு இருக்கிறது: ஒவ்வொரு பெஞ்சும் ஒரு குழு, ‘வாட் டைம் டு யூ கெட் அப்?’ என்று பக்கத்துப் பிள்ளையின் காதில் கேட்டுப் பதிலை வைத்துச் சீக்கிரம் எழுபவர் முதலில், லேட்டாக எழுபவர் கடைசியில் என்று பெஞ்சிலேயே இடம் மாற வேண்டும். கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும் என்பது விதி. கிசுகிசு என்றாலே பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம், சத்தமும் வராது.

ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியில் பல வகுப்பு ஒன்றாக உட்கார்ந்திருந்தால் அதையும் வசதியாக மாற்றிக்கொள்ளலாம். தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது உங்களுக்குப் பழக்கமானதுதான். ஒரே காலண்டர் தாளை வைத்து அரும்பு நிலை கிழமையைச் சொல்லட்டும், மொட்டு நேற்று நாளையைச் சொல்லட்டும், மலர் ராகு கால நேரத்தைப் படிக்கட்டும்.

தோற்றவர்களை ‘அவுட்’ ஆக்கி உட்கார வைக்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. முதலில் அவுட் ஆவது யார்? தெரியாத பிள்ளை. பழக்கம் அதிகம் தேவைப்படுவதும் அதே பிள்ளைக்குத்தான். அதை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேரைக் கடைசி வரைக்கும் ஆட வைப்பதில் யாருக்கு என்ன லாபம்? ஆரம்பக் கோட்டுக்கு அனுப்புங்கள், பிடிப்பவராக மாற்றுங்கள், ஒரு புள்ளி குறையுங்கள். ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.

விளையாடும்போது தமிழ் பேசலாமா?

விதியைத் தமிழில் சொல்லுங்கள், ஒரே நிமிஷத்தில் முடியும். ஆங்கிலத்தில் விதி சொல்லிப் பாதி பீரியட் போவது வீண். பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் சண்டை போடட்டும். ஆனால் ஆட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்றிரண்டு தொடர், அது மட்டும் ஆங்கிலத்தில்தான், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முள் கடிகாரமே படிக்கத் தெரியவில்லை. வீட்டில் போனில்தான் மணி பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் இரண்டு சிக்கலை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். முள் கடிகாரத்தை முதலில் தமிழில், கணக்கு வகுப்பில் முடியுங்கள். அதுவரை ஆங்கிலத்துக்கு 7.30, 9.15 என்று எண்ணில் எழுதிய சீட்டுகளே போதும். கடிகாரமும் புரியாமல் ஆங்கிலமும் புரியாமல் விழிக்கும் பிள்ளையிடம் எது தெரியவில்லை என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய், தூங்குவாய் என்று கேட்பது சரியா?

யோசித்துக் கேளுங்கள். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளை இருக்கும், அப்பா எப்போது வீட்டுக்கு வருவார் என்று சொல்ல விரும்பாத பிள்ளை இருக்கும். ஆங்கிலம் கற்கிற சாக்கில் அதையெல்லாம் வகுப்பின் முன்னால் வெளியே இழுக்கக் கூடாது. பள்ளியில் எல்லோருக்கும் பொதுவாக நடக்கிறவற்றைக் கேளுங்கள்: பிரேயர், சத்துணவு, விளையாட்டு பீரியட், கடைசி மணி. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, காலைச் சாப்பாடும் இந்தப் பொதுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ‘வாட் டைம் இஸ் பிரேக்ஃபாஸ்ட்?’ என்று தயங்காமல் கேட்கலாம், எல்லோருக்கும் ஒரே பதில்.

சொந்த நாளைப் பற்றித்தான் பேச வைக்க வேண்டும் என்றால் ஒரு கற்பனை ஆளை உருவாக்குங்கள். பஸ் டிரைவர், பால்காரர், டீக்கடை அண்ணன் என்று ஒருவரைக் குழுவே சேர்ந்து தேர்ந்தெடுத்து, அவருடைய நாளை எழுதட்டும். டீக்கடை அண்ணன் நாலு மணிக்கே எழுந்துவிடுவார், அதனால் ‘அட் ஃபோர் ஓ கிளாக் இன் த மார்னிங்’ என்று சொல்ல நல்ல காரணம் கிடைக்கிறது.

ஆட்டத்தின் நடுவே தப்பாகச் சொன்னால் திருத்தலாமா?

அந்த விளையாட்டு எதற்காகவோ அதில் தப்பு வந்தால் மட்டும். ‘இன் மண்டே’ என்றால் நிறுத்துங்கள். ‘ஹீ கோ டு ஸ்கூல் ஆன் மண்டே’ என்று சொன்னால் விட்டுவிடுங்கள், ‘ஆன் மண்டே’ சரியாக வந்திருக்கிறது, ‘கோஸ்’ இன்னொரு நாள் வரும். திருத்தும்போது நீட்டி விளக்காமல், சரியானதை ஒரு தடவை சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

வாக்கியத்தில் நேரத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை அவர்களுக்கு.

தமிழில் ‘நான் ஆறு மணிக்கு எழுவேன்’, நேரம் நடுவில், வினை கடைசியில். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு சொல் அட்டை கொடுத்து வரிசையாக நிற்கச் சொல்லுங்கள். முதலில் தமிழ் வாக்கியத்தின் வரிசை: ‘ஐ’, ‘அட் சிக்ஸ்’, ‘கெட் அப்’. அப்புறம் ‘ஆங்கிலம்!’ என்று சொன்னதும் ‘அட் சிக்ஸ்’ அட்டை வைத்திருக்கும் பிள்ளை வரிசையின் கடைசிக்கு ஓட வேண்டும். நேரத்தை முன்னால் வைத்தும் சொல்லலாம் என்பது உண்மைதான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விளையாடினால் போர்ஷன் எப்படி முடியும்? ஹெச்.எம். கேட்கிறாரே.

ஒரு பீரியடில் பத்து நிமிஷத்துக்கு மேல் எந்த ஆட்டமும் வேண்டாம். சலிப்பதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டால் மறுநாளும் கேட்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அதில் வந்த மூன்று வாக்கியத்தை நோட்டில் எழுத வையுங்கள், நோட்டைப் பார்த்தால் ஹெச்.எம்.முக்கும் பெற்றோருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். அப்படியும் சந்தேகப்பட்டால் ஒரு நாள் கூப்பிட்டு வட்டத்தில் சின்ன முள்ளாக நிற்கச் சொல்லுங்கள்.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரியும்?

அதே நாளில் அதே ஆட்டத்தில் சரியாகச் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு வாரம் கழித்து, விளையாட்டே இல்லாத நேரத்தில், சாப்பாட்டு மணி அடித்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டை நீட்டுங்கள், சரியாகச் சொன்னவர் போகலாம், தடுமாறுபவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். பசியில் யாரையும் நிறுத்திவைக்க வேண்டாம். தடுமாறியவர்கள் எந்தச் சீட்டில் தடுமாறினார்கள் என்று குறித்துக்கொண்டால் அடுத்த வாரம் எந்த ஆட்டம் என்பது முடிவாகிவிடும்.

பெரியவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இதெல்லாம் எடுபடுமா?

ஓநாயும் பாண்டியும் எடுபடாது. பஸ் நேர ஆட்டம் நன்றாக எடுபடும், ஷிஃப்ட் அட்டவணையாக மாற்றிக்கொடுங்கள். இன்னொன்று, ஆளுக்கொரு வார டைரி கொடுத்து, பாதி நாட்களில் ஏதோ வேலை எழுதிவைத்து, இரண்டு பேரும் சந்திக்க ஒரு பொது நேரம் கண்டுபிடிக்கச் சொல்வது. ‘ஆர் யூ ஃப்ரீ ஆன் தர்ஸ்டே?’, ‘நோ, வாட் அபவுட் ஃப்ரைடே அட் ஃபைவ்?’ இப்படியே போகும். பெரியவர்களுக்கு ‘ஏஎம்’, ‘பிஎம்’ பழக்கமும் இதில் வந்துவிடும், ‘ஃபைவ் பிஎம் இன் த ஈவினிங்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடமாக என்ன கொடுக்கலாம்?

எழுத்து வேலை வேண்டாம். வீட்டில் யாராவது மணி கேட்டால், முதலில் தமிழில் சொல்லிவிட்டு உடனே ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான். மறுநாள் காலை கொடிக்கயிற்றில் தாளை நகர்த்தும்போது, நேற்று வீட்டில் யார் எப்போது கேட்டார்கள் என்று ஒருவர் சொல்லட்டும்: ‘பாட்டி, அட் ஹாஃப் பாஸ்ட் செவன், லாஸ்ட் நைட்’.